பற்று பிறகும் வரலாம்
குழந்தைகள்மீது இயல்பிலேயே பற்றுள்ளவர்கள் மட்டுமே தொடக்கப் பள்ளி ஆசிரியராக வர வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பிளஸ் 2 முடித்ததும் விரைவில் வேலை கிடைக்கும் என்று வீட்டார் வற்புறுத்தியதால்தான் நான் இரண்டாண்டு ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் சேர்ந்தேன். உடன் படித்தோரில் பலரும் அப்படி வந்தவர்களே. ஐந்து வகுப்புகளையும் இருவரே கவனிக்கும் ஈராசிரியர் பள்ளியில், ‘ப’ எழுதச் சொன்னால் கடைசிக் கோட்டை மேலே இழுக்காமல் ‘ட’ போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கும் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒருநாள் ‘படம்’ என்று தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, சத்துணவுக்கு மணி அடித்த பிறகும் கரும்பலகையை விட்டு நகராமல் நின்றபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வும் பாட அறிவையும் குழந்தை உளவியலையும் சோதிக்கிறதே தவிர, பற்றை அளப்பதில்லை (அளக்கவும் முடியாது). பணியில் சேர்ந்தவருக்குப் பதிவேடுகளும் புள்ளிவிவரப் படிவங்களும் போக வகுப்பறைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதையே கட்டுரை விசாரித்திருக்க வேண்டும்.