வந்த காரணம்: முருங்கைக்காய்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கி, கொளுத்தும் வெயிலில் முருங்கைக்காய்ப் பையோடு நடந்தே வந்து சேர்ந்த என் சித்தப்பாவை, எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் புதிய செயலாளர் நேற்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார். சென்ற மாதம் வரை லுங்கியோடு வந்து எங்கள் வீட்டில் கறிவேப்பிலை கேட்டு நின்ற அதே மனிதர்தான்; இப்போது கழுத்தில் ‘செயலாளர்’ என்று லேமினேஷன் செய்த அட்டை தொங்குகிறது, அதுவும் அவரே சொந்தச் செலவில் செய்துகொண்டதாம்.

பதிவேட்டில் ‘வந்த காரணம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. சித்தப்பா சற்று யோசித்து, ‘முருங்கைக்காய்’ என்று எழுதினார். அது செல்லாதாம். அடித்துவிட்டு, ‘அண்ணன் மகனைப் பார்க்க’ என்று எழுதியதும், எந்த வீடு, எவ்வளவு நேரம் இருப்பீர்கள், எப்போது கிளம்புவீர்கள் என்று விசாரணை நீண்டது. பையைத் திறந்து காய்களைக் கிளறிப் பார்த்தார். பிறகு இன்டர்காமில் என்னைக் கீழே வரவழைத்து, ‘இவர் உங்கள் சித்தப்பாதான் என்று கையெழுத்துப் போடுங்கள்’ என்றார். அதே மரத்துக் காயில் வைத்த சாம்பாரை எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வாய் அது!

சித்தப்பாவைப் பல ஆண்டுகளாக அறிந்த வாட்ச்மேன் அண்ணனோ, ‘சார் சொல்லிட்டாரு, நான் என்ன செய்ய’ என்று தரையைப் பார்த்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனையில், சாம்பல் நிறக் கோட்டு அணிந்தவர் ‘தொடருங்கள்’ என்றதற்காகவே, அடுத்த அறையில் இருப்பவர்மீது மின்சாரம் பாய்வதாக நம்பியபடியே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். அவர்களுக்கு மறுத்தால் வேலை போகாது, வாட்ச்மேனுக்குப் போகும். எனவே அவர்மீது எனக்குக் கோபமில்லை.

செயலாளரை எதில் சேர்ப்பது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1971-இல் பிலிப் ஸிம்பார்டோ என்ற இன்னொரு உளவியலாளர் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்துப் போலிச் சிறை ஒன்றை நடத்தினார். இரண்டு வாரத்திற்குத் திட்டமிட்டது, காவலர்களின் கொடுமையால் ஆறே நாளில் நின்றது. கடுமையாக நடக்கும்படி காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்று அந்தச் சோதனையைப் பின்னாளில் பலர் குறை கூறினார்கள். எங்கள் செயலாளருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முழுக்க முழுக்கச் சுயமுயற்சி!

இன்று காலை தண்ணீர் லாரி வந்தபோது சம்ப் மூடியைத் திறந்து வைக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி, ‘யாருய்யா இங்க செகரெட்டரி?’ என்று தெருவே அதிரக் கத்தினார். நம் அதிகாரி அட்டையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, வாட்ச்மேனைக் கை காட்டினார். மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.