தறிக் காதுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை கோவை ஆர்.எஸ்.புரத்தில், சேர்ந்து உட்கார்ந்து இசை கேட்கும் நம் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில், அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கும் அந்த நான்கு பகுதி இசையில், யாருக்கு எந்தப் பதிவு பிடிக்கும் என்று ஆளுக்கொன்று போட்டுக் கேட்டோம். என் முறை வந்தபோது, இசைக்குழு நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் 1947 மே 27 அன்று பெர்லினில் நடத்திய கச்சேரியைப் போட்டேன். போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அவர் திரும்பச் சேர்ந்த நாட்கள் அவை. ஊரே இடிபாடாகக் கிடந்தது. இரண்டாம் பகுதி பாதிகூட ஓடவில்லை. "ஒரே இரைச்சலுங்க" என்று நிறுத்திவிட்டு, இன்னொரு நடத்துநரான கார்லோஸ் கிளைபரின் 1974 வியன்னா பதிவைப் போட்டுவிட்டார் ஒரு அண்ணன்.

கிளைபரை நான் குறை சொல்லவில்லை. தறியில் பாவு நூலை முறுக்காக இழுத்துக் கட்டியதுபோல, முதல் பகுதி ஒரு இடத்தில்கூடத் தொய்யாது. எனக்கும் அது உயிர். ஆனால் ஒலிப்பதிவு வேறு, வாசிப்பு வேறு. கார்லோஸின் அப்பா எரிக் கிளைபரும் 1953இல் ஆம்ஸ்டர்டாமில் இதே சிம்பொனியைப் பதிவு செய்தார். அது மோனோ, ஒற்றைத் தட ஒலிப்பதிவு. மோனோ என்பதால் அப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மகனை மட்டும் கொண்டாடுவீர்களா?

"பீத்தோவன் 1817இல் மெட்ரோனோம் கணக்கே கொடுத்துவிட்டாரே, முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 தட்டு வேகம் என்று, ஃபுர்ட்வெங்லர் அதை மதிக்கவில்லையே" என்பார்கள். சரி, மதிக்கவில்லை. மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் நுழையும் இடத்தை அந்த மனிதர் எப்படிக் காத்திருந்து திறக்கிறார் என்று கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். நாஜி ஆட்சியில் ஜெர்மனியிலேயே இருந்தவர்தானே என்றால், அது நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்தும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரும் அதற்காக நிறுத்தவில்லை. இரைச்சலுக்காக நிறுத்தினார்கள். திரும்பவும் சொல்கிறேன், ஒலிப்பதிவு வேறு, வாசிப்பு வேறு.

இரைச்சல் எனக்குப் புதிதில்லை. சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி. கல்லூரி நாட்களில் டவுன்ஹாலில் வாங்கிய, கராயன் நடத்திய இதே சிம்பொனியின் கேசட்டைப் பட்டறைத் திண்ணையில் பேட்டரி டேப்பில் போட்டுக் கேட்பேன். ஒரு நாள் சரியாக, மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் நுழையும் அந்த இடத்தில் கரண்ட் போனது. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அதுவரை எனக்குக் கேட்டே இராத டிம்பனி என்ற பெரிய முரசு, அடிவயிற்றில் தட்டுவதுபோல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் வயலின்கள் ஏறி ஏறிப் போய், டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் திறந்தன. முதல் மூன்று பகுதிகளிலும் டிராம்போனுக்கு வேலையே கிடையாது, அங்கேதான் முதன்முதலாக வருகிறது. நூல் சுற்றிய தாரை மாற்றிக்கொண்டிருந்த அப்பா கையில் தறி நாடாவோடு அப்படியே நின்றுவிட்டார். "இது என்ன கண்ணு?" என்றார்.

அதனால்தான், "தறிச் சத்தத்துல மரத்துப்போன காதுங்க, இவருக்கு இரைச்சலே தெரியாது" என்று அந்த அண்ணன் சொல்லி நாலு பேர் சிரித்தது இன்னும் வலிக்கிறது. என்னைச் சொன்னால் போகிறது. முப்பது வருடம் தறியடியில் நின்ற அப்பாவுக்கு நிஜமாகவே காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, நிறுத்திய இடத்திலிருந்து மீதியைப் போட்டேன். அப்பா ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிம்பனி தட்ட ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, "வருது பாரு கண்ணு" என்றார்.