மூடிய சுரங்கத்தைத் திறப்பதற்கு முன்

கைவிடப்பட்ட சுரங்கங்களையும் பூட்டிக் கிடக்கும் உலோக ஆலைகளையும் மீண்டும் இயக்கப் போவதாக அமெரிக்கா, பிரிட்டன், தென் கொரியா என்று பல நாடுகளிலிருந்து அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நோக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். இன்றியமையாத உலோகங்களுக்கு ஒரே நாட்டை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை, 2023 ஆகஸ்டில் கணினிச் சில்லுகள் போன்ற மின்னணுப் பொருள்களுக்குத் தேவையான காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது உலகம் நேரடியாகவே உணர்ந்தது. ஆனால் அந்தச் சுரங்கங்கள் முதலில் ஏன் மூடப்பட்டன என்று கேட்காமலேயே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கிறார்களே என்பதுதான் என் கவலை.

இப்போது பேசப்படும் சுரங்கங்களில் பெரும்பாலானவை தாது தீர்ந்து மூடப்பட்டவை அல்ல. உலோகத்தின் விலை விழுந்தது, அல்லது கழிவைச் சமாளிக்க முடியாமல் போனது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தில் இரண்டுமே நடந்தன. 1952-இல் தொடங்கி, வண்ணத் தொலைக்காட்சித் திரைக்குத் தேவைப்பட்ட யூரோப்பியம் என்ற உலோகத்தால் வளர்ந்து, பல ஆண்டுகள் உலகின் முதன்மையான அருமண் (யூரோப்பியம், நியோடிமியம் உள்ளிட்ட பதினேழு உலோகங்களின் குழு) சுரங்கமாக விளங்கிய இடம் அது. 1990-களில் கழிவுநீர்க் குழாய் பலமுறை உடைந்து கதிரியக்கப் பொருள் கலந்த நீர் பாலைவனத்தில் கசிந்தது. மலிவான சீனச் சரக்கு சந்தையைப் பிடித்தது. 2002-இல் சுரங்கம் நின்றது. 2010-இல் சீனா ஏற்றுமதியைக் குறைத்து விலை எகிறியதும் பெரும் கடன் வாங்கி மறுபடி இயக்கினார்கள். விலை சரிந்தது. 2015-இல் அந்த நிறுவனம் திவாலானது. புதிய உரிமையாளர்கள் வந்து தாதுவை வெட்டத் தொடங்கிய பிறகும், பல ஆண்டுகள் வெறும் பாறையை நீக்கி அதைச் செறிவூட்டியதோடு நிறுத்திக்கொண்டு, உலோகங்களைத் தனித்தனியே பிரித்தெடுப்பதற்குச் சீனாவுக்கே கப்பலேற்றினார்கள். 2025 ஏப்ரலில்தான் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது.

மண்ணைத் தோண்டுவதைவிட, தோண்டியதைப் பிரிப்பது பன்மடங்கு கடினம் என்பது பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. வலுவான காந்தங்களுக்குத் தேவையான நியோடிமியமும் அதன் அண்டைத் தனிமங்களும் வேதிக்குணத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்பவை. தாதுவை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை எண்ணெய் போன்ற ஒரு கரிமக் கரைப்பானுடன் தொட்டியில் கலக்கி, இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரியும்வரை காத்திருந்து, அடுத்த தொட்டிக்கு அனுப்ப வேண்டும். ஒரு தொட்டியில் கிடைக்கும் பிரிவு சிறிதளவே என்பதால் இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாகத் தேவைப்படுகின்றன. நடுவில் அமிலத்தன்மை சற்றுப் பிசகினாலும் முனையில் வரும் பொருளின் தூய்மை கெடும். இந்தக் கைப்பக்குவம் ஆலையில் வேலை செய்பவர்களிடம் இருப்பது. ஆலை மூடப்பட்டால் அதுவும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும். பிரான்சின் லா ரோஷெல் ஆலை, பிரித்தெடுக்கும் வேலையை முற்றிலும் கைவிடாமல் வினையூக்கிகளுக்கான அருமண் பொருள்களைத் தயாரித்துக்கொண்டே இருந்ததால்தான், 2025-இல் காந்தங்களுக்கான நியோடிமியப் பிரிவை அங்கேயே தொடங்க முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

காலியத்துக்கோ தனிச் சுரங்கமே தேவையில்லை. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டிலிருந்து அலுமினா என்ற இடைநிலைப் பொருளை எடுக்கும் ஆலையின் காரக் கரைசலிலேயே அது கரைந்து கிடக்கிறது. அதுபோலவே ஜெர்மானியம் துத்தநாக உருக்காலையின் எச்சத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் காலியம் எடுத்துவந்த ஆலை 2016-இல் உற்பத்தியை நிறுத்தியபோது காரணம் மூலப்பொருள் பஞ்சமன்று, விலைதான். ஆகவே பொதுப்பணம் ஒதுக்குவதானால், புதிதாக ஒரு குழியைத் திறப்பதற்கு முன் இத்தகைய ஆலைகளோடு இணைந்த மீட்புப் பிரிவுகளை உயிர்ப்பிக்க வேண்டும்.

விலை ஓர் அளவுக்குக் கீழே போகாது என்ற உறுதி வேண்டும் என்பதையும் நான் ஆதரிக்கிறேன். 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மவுண்டன் பாஸ் நிறுவனத்தின் நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்கு (காந்தங்களுக்கான இரண்டு அருமண் உலோகங்கள்) கிலோ 110 டாலர் என்ற குறைந்தபட்ச விலையைப் பத்தாண்டுகளுக்கு உறுதியளித்தது. மக்கள் வரிப்பணத்தைத் தனியாருக்குத் தரலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 2015-இல் மறுபடி திறந்த டங்ஸ்டன் சுரங்கம் மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டதையும், அதோடு வேலையிழந்தவர்களையும் எண்ணிப் பார்த்தால், பாதியில் விடுவதற்காகத் தொடங்குவதே பெரிய விரயமாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த உறுதிக்கு ஈடாக அரசுகள் கேட்க வேண்டியது, கழிவுக்கான பொறுப்பு. மூடிய சுரங்கத்தில் நீர் நிரம்புகிறது. அங்குள்ள கந்தகக் கனிமங்கள் காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து அமிலமாகி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைக்கின்றன. 1998-இல் மூடப்பட்ட, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கத்தை மீண்டும் திறக்க, முதலில் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிவிட்டு, 2023-இல்தான் நீரை இறைக்கத் தொடங்கினார்கள். இந்த வரிசையை எல்லா நாடுகளும் சட்டமாக்க வேண்டும். மறுபடி மூடும் நாளில் நிலத்தைச் சீர்செய்ய ஆகும் தொகையையும், முதல் வண்டித் தாது வெளியே வருவதற்கு முன்பே, நிறுவனம் திவாலானாலும் கடன்காரர்கள் கைவைக்க முடியாத கணக்கில் முழுமையாக வைப்பு வைத்தாக வேண்டும்.