குளத்துக்குக் கோவணம் கட்டிவிட்டார்கள்

குளம் என்றால் குழியா, பாயா? யாராவது சொல்லுங்கள்.

வீட்டுப் பின்கட்டில் நீந்திக் குளிக்க ஒரு குளம் தோண்டியிருக்கிறேன். தண்ணீர் மண்ணில் இறங்காமல் உள்ளே விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கியது. நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்தோம். ஐந்தாவதாகக் கடைப் பையன், வேடிக்கை பார்க்க. குழியின் வாய்க்கு மேலே விரித்தால் அச்சில் வார்த்த மாதிரி மூடியது. ஆகா! உள்ளே இறக்கினோம். தரைக்குப் போய்ச் சேர்ந்த ஷீட், சுவரில் முழங்கால் உயரம்கூட ஏறவில்லை. மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கொஞ்சமா வுட்டா போதும் சார்" என்றார். ஐந்தடி ஆழம் தோண்டியது முழங்கால் நனைக்கவா?

கணக்கு ஒன்றும் ஐஐடி கணக்கு இல்லை. குளம் 30 அடிக்கு 15 அடி. ஷீட் ஒரு சுவரில் இறங்கி, தரையில் ஓடி, எதிர்ச் சுவரில் ஏற வேண்டும். ஆகவே ஒவ்வொரு அளவோடும் ஆழத்தை இரண்டு தடவை கூட்டணும். கரையில் மடித்து மண்ணில் புதைக்க இரு பக்கமும் ஒன்றரை அடி. மொத்தம் 43-க்கு 28. இதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, கடைக்காரர் கையிலேயே கொடுத்தேன். "எச்டிபிஇ, 500 மைக்ரான், 43-க்கு 28" என்று வாயாலும் மூன்று தடவை சொன்னேன். எச்டிபிஇ என்பது பிளாஸ்டிக் வகை, 500 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர் கனம். அவரும் "ஆவட்டும் சார், ஆவட்டும் சார்" என்று மூன்று தடவையும் சொன்னார்.

நான் கடைப் படி இறங்கியதும் அவருக்கு ஞானம் பிறந்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஷீட் எதுக்கு, பாவம், தெரியாமல் கேட்கிறாரோ என்று. என்னைக் கேட்கலாம். நம்பர் பில்லிலேயே இருக்கிறது. ஆனால் அவர் போன் போட்டது மேஸ்திரிக்கு.

"கொளம் இன்னா சைசு?"

"முப்பதுக்குப் பதினஞ்சு."

அவ்வளவுதான். மேஸ்திரி சொன்னது பொய்யா? இல்லை. கடைக்காரர் வெட்டியது தப்பளவா? அதுவும் இல்லை. இரண்டு உண்மை விளம்பிகள் சேர்ந்து 1,204 சதுர அடி ஷீட்டை 450 ஆக்கிவிட்டார்கள்.

காட்பாடியிலிருந்து ஆற்காட்டுக்கு, அக்னி நட்சத்திர வெயிலில், அந்தச் சுருட்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் பதறவே இல்லை. "வெட்டின ஷீட்ட திரும்ப எடுக்க மாட்டோம் சார். இன்னொரு பீஸ் வாங்கி பசை போட்டு ஒட்டிடுங்க." அந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது, சூடு வைத்து உருக்கித்தான் இணைக்கணும் என்றேன். அதற்கு அவர் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "வேலூர் கோட்டை அகழிக்கு எந்த ஷீட்டு சார் போட்டாங்க? தண்ணி நிக்கல?"

ஐயா, அகழி வேறு, என் வீட்டுப் பின்கட்டு வேறு. என்னுடையது சரளை மண். ஊற்றிய தண்ணீர் காபி டபராவில் ஓட்டை விழுந்த மாதிரி இறங்கிவிடும். ஆறே தண்ணீர் இல்லாமல் கிடக்கிற ஊரில் டேங்கர் வைத்து நாற்பதாயிரம் லிட்டர் நிரப்பப் போகிறேன். அதை மண்ணுக்குத் தாரை வார்க்கவா?

இதற்குள் வீட்டைச் சுற்றி ஆயிரம் ஆலோசனை. "டைல்ஸ் போட்டு குளோரின் கொட்ட வேண்டியதுதானே?" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. குளோரின் வேண்டாம் என்றுதானே பாதிக் குளத்தைச் செடிக்கு விட்டிருக்கிறேன்! ஒன்றரை அடி ஆழத்தில் ஜல்லி, அதில் சம்பு, கோரை, கல்வாழை. சின்ன மோட்டார் தண்ணீரை அந்த வேர்கள் வழியாகச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். பாசிக்கு வேண்டிய சத்தை வேரும் ஜல்லியில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரும் தின்றுவிடும். "அப்போ கொசு?" மீன் விடுவேன் மாமா. "மீனோடவா குளிப்பீங்க?" ஆமாம், மீனோடதான்! ஏரியில், கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவர்தானே நீங்கள்? அங்கே மீன் எல்லாம் வெளியே போய் நின்றதா?

சரி. ஷீட்டோடு வீடு திரும்பினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்தார். கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். "நல்லாத்தான்டா கீது. இந்த வருஷம் மொளகா, வடாம் எல்லாத்தையும் ஒரே நாள்ல காய வெச்சிடலாம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டை மாடியில் விரித்தோம். ஓர் அங்குலம் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. மேஸ்திரிதான் மாடியையும் கட்டினார்.

அப்புறம் ஒன்று. கடையில் சண்டை போட்ட அலுப்பில், ஆற்காடு வரை வந்தோமே என்று அந்த ஊரின் பேர்போன இனிப்பான மக்கன் பேடா அரை கிலோ வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் 430 கிராம். அட்டைப் பெட்டியையும் சேர்த்து எடை போட்டிருக்கிறான்! பெட்டியையா தின்பது?