செயினில் ஒரு சத்தம்

(இங்கிலாந்து, பிரிஸ்டல் நகரம். காலை ஒன்பது மணி. மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கும் போத்தனூர் தங்கவேல், ரயில்வே கார்டாக 31 வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரட்டை சைக்கிளின் முன் சீட்டில் அவர். பின் சீட்டில் மனைவி சரசு. மகளின் சுடிதார், சக்கரத்தில் மாட்டாமல் இடுப்பில் முடிந்த பச்சைத் துப்பட்டா. ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் இரண்டு டப்பா புளிசாதம், ஒரு பொட்டலம் முறுக்கு.)

சரசு: ஏனுங்க, இது ரோடுதானா? ஒரு காரைக்கூடக் காணோம்.

தங்கவேல்: கார் வரவே முடியாது. சைக்கிளும் நடக்கிறவர்களும் மட்டும்தான். இங்கே ஏறினால் பாத் ஊர் வரைக்கும் 13 மைல். நம் கணக்கில் 21 கிலோமீட்டர்.

சரசு: இருபத்தொன்றா! பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்கு அவ்வளவு இல்லை. அதற்கே நான் பஸ்ஸில் இரண்டு தடவை தூங்கி எழுவேன்.

தங்கவேல்: பயப்படாதே. இது ரயில் ஓடின பாதை. பாத் பக்கத்துத் துண்டு 1869-ல் போட்டது, இந்தப் பக்கம் அதற்கும் முன்பே. ரயிலுக்கு மேடு ஆகாது பார், அதனால் குன்று வந்தால் குடைந்தார்கள், பள்ளம் வந்தால் மண் கொட்டினார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டால் யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம்.

சரசு: பின்னே எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

தங்கவேல்: மாங்கட்ஸ்ஃபீல்டு வரைக்கும் லேசான ஏற்றம். கண்ணுக்கே தெரியாது.

சரசு: கண்ணுக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குத் தெரிகிறது.

(பத்து நிமிடம் கழித்து. தங்கவேலுக்கு சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.)

தங்கவேல்: சரசு, நீ மிதிக்கிறாயா?

சரசு: கால் சுற்றுகிறதே, பாருங்கள்.

தங்கவேல்: நான் திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் முள்ளுச் செடிக்குள் கிடப்போம். இதில் உன் பெடலையும் என் பெடலையும் ஒரே செயினில் கோத்திருக்கிறார்கள். நான் மிதித்தால் உன் காலும் தானாகவே சுற்றும்.

சரசு: சுற்றுகிறது என்றால் மிதிக்கிறேன் என்றுதானே அர்த்தம்? அங்கே என்னங்க, செங்கல்லில் ஒரு மீன் மூக்கால் நிற்கிறது?

தங்கவேல்: ஊர்ப் பெயர் ஃபிஷ்பாண்ட்ஸ். மீன்குளம். அதனால் மீன்.

சரசு: அது ஏன் தலைகீழாக?

தங்கவேல்: நம்மைப் பார்த்து அதிர்ச்சியில் விழுந்திருக்கும்.

(பின்னாலிருந்து மணிச் சத்தம். ஒரு பையன் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே கடந்து போகிறான்.)

சரசு: குறுக்கே நின்றது நாம். சாரி அவனா சொல்கிறான்?

தங்கவேல்: நாளைக்கே நம் ஊருக்கு வந்தால் திருந்திவிடுவான். லைட்டைப் பார், ஸ்டேபிள் ஹில் குகை வந்துவிட்டது. 471 மீட்டர். முன்பெல்லாம் ரயில் புகை நிறைந்து நிற்கும்.

(குகைக்குள் நுழைகிறார்கள். ஜில்லென்று காற்று. கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சரசுவின் கழுத்தில் விழுகிறது. முன் சீட்டிலிருந்து "கடக்... முடக்...")

சரசு: என்ன சத்தம்?

தங்கவேல்: ம்... செயின்.

சரசு: நம் செயினா?

தங்கவேல்: ம்ம்.

சரசு: செயினில் ஏன் எள் வாசம் வருகிறது?

தங்கவேல்: (விழுங்கிவிட்டு) பழைய நிலக்கரிப் புகை. சுவரில் ஊறிப்போன வாசம் அப்படித்தான் இருக்கும்.

(குகை முடிந்து வெளிச்சம். சற்றுத் தள்ளி, கூரை போன ஒரு ஸ்டேஷன். செங்கல் சுவரும் பிளாட்பாரமும் மட்டும் மிச்சம். தங்கவேல் பிரேக் பிடிக்கிறார். பேச்சில்லாமல் இறங்கிப் பிளாட்பாரத்தில் ஏறி நிற்கிறார்.)

சரசு: என்னங்க?

தங்கவேல்: மாங்கட்ஸ்ஃபீல்டு ஸ்டேஷன். 1966-ல் மூடிவிட்டார்கள். பீச்சிங் என்று ஒருவர், 1963-ல் ஒரு அறிக்கை எழுதினார். எந்த லைனில் வரும்படி இல்லையோ அதை மூடு, எந்த ஸ்டேஷனில் கூட்டம் இல்லையோ அதை மூடு. அவ்வளவுதான்.

சரசு: ஸ்டேஷனை மூடினவர் நன்றாக இருப்பாரா?

தங்கவேல்: 1985-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரசு: பாருங்கள், நான் சாபம் கொடுப்பதற்கு முன்பே. சரி, சும்மா கிடந்த இடத்தில் சைக்கிள் விடலாம் என்று எந்த மந்திரிக்குத் தோன்றியது?

தங்கவேல்: மந்திரியாவது! 1977-ல் பிரிஸ்டலில் கொஞ்சம் சைக்கிள்காரர்கள் 'சைக்கிள்பேக்' என்று ஒரு சங்கம் வைத்தார்கள். 1979 கோடையில் பாத் பக்கத்திலிருந்து பிட்டன் வரைக்கும் அவர்களே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதை போட்டார்கள். முழுதும் முடிய 1986 ஆனது. அந்தச் சங்கம்தான் பிறகு சஸ்ட்ரான்ஸ் என்று பெயர் மாற்றி நாடு முழுக்கப் பாதை போட்டது.

சரசு: என்ன கூலி?

தங்கவேல்: கூலியே இல்லை. தொண்டு.

சரசு: வாசலில் நாலு கல் எடுத்துப் போடச் சொன்னதற்கு உங்களுக்கு மூன்று நாள் இடுப்பு வலி.

(மறுபடியும் ஏறுகிறார்கள். இனி இறக்கம். இரண்டு பக்கமும் மரம், அதற்கு அப்பால் பசு மேயும் புல்வெளி. பிட்டன் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே "கூ..." என்று ஒரு சத்தம்.)

சரசு: ஐயோ, ரயில் வருகிறது! ஓரம் கட்டுங்கள்!

தங்கவேல்: (குரல் உடைந்து) நீராவி இன்ஜின், சரசு! இந்த ஒரு துண்டில் மட்டும் மறுபடியும் தண்டவாளம் போட்டு ஓட்டுகிறார்கள். அவன் பக்கத்தில் அவன் போவான், நம் பக்கத்தில் நாம். இவர்களும் தொண்டர்கள்தான். அதோ, கடைசிப் பெட்டியில் கார்டு! கொடி! கொடியைப் பிடிக்கிற விதத்தைப் பார்!

சரசு: அவர் ஒழுங்காகத்தான் பிடிக்கிறார். நீங்கள் ஹேண்டிலைப் பிடியுங்கள்.

(பிட்டனில் அரை மணி நேரம். பெஞ்சில் புளிசாதம். தங்கவேல் இன்ஜினைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்ததில் முகமெல்லாம் கரி.)

சரசு: முறுக்குப் பொட்டலம் எங்கே?

தங்கவேல்: இல்லையா? இங்கே கூட்டம் பார்த்தாயா... எவனோ அடித்துவிட்டான்.

சரசு: புளிசாதத்தை விட்டுவிட்டு முறுக்கை மட்டுமா?

தங்கவேல்: வெள்ளைக்காரனுக்குப் புளி ஆகாது.

(அப்புறம் பாலம், பாலமாக ஏவான் ஆறு. "எத்தனை தடவைதான் ஒரே ஆற்றைத் தாண்டுவது?" என்கிறார் சரசு. "ஆறு வளையும், ரயில் வளையாது" என்கிறார் தங்கவேல். மதியம் பாத் ஊர். சைக்கிளைப் பூட்டிவிட்டு ரோமானியர் குளியல் குளத்துக்குப் போகிறார்கள். பச்சையாகத் தண்ணீர், மேலே ஆவி.)

தங்கவேல்: பூமியிலிருந்து 46 டிகிரி சூட்டில் தானாக வருகிறது. ஒரு நாளைக்குப் பதினோரு லட்சம் லிட்டருக்கு மேல்.

சரசு: குளித்தால் உங்கள் முகக் கரி போகும்.

தங்கவேல்: குளிக்கக் கூடாது. தொடவே கூடாது.

சரசு: குளிக்க முடியாத குளத்துக்கு டிக்கெட்டா? இது என்ன, கண்ணாடிப் பெட்டிக்குள் நசுங்கின தகடு?

தங்கவேல்: ஈயத் தகடு. குளிக்கிறபோது துணிமணி திருட்டுப் போனால் ரோமானியர்கள் தகட்டில் சாபம் எழுதி, சுருட்டி ஊற்றுக்குள் போடுவார்களாம். சூலிஸ் மினர்வா என்று அம்மன். 130 தகடு கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் 1979, 80-ல் தோண்டியதில். அங்கே பாதை போட்ட அதே சமயம்தான்.

சரசு: ஏனுங்க, இது நம் மாசாணியம்மன்! திருட்டுப் போனால் ஆனைமலையில் மிளகாய் அரைத்துப் பூசுவோமே! என்ன எழுதியிருக்கிறான்?

தங்கவேல்: இவன் மேலங்கி போயிருக்கிறது. எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, கோயிலில் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் அவனுக்குத் தூக்கம் கூடாதாம், பிள்ளை கூடாதாம்...

சரசு: இந்த அம்மன் போதும். (கைகூப்பி) தாயே, என் முறுக்குப் பொட்டலத்தை எடுத்தவன்...

தங்கவேல்: சரசு, இது பழைய சாமி, சக்தி எல்லாம் போயிருக்கும்...

சரசு: ...பல் முப்பத்திரண்டும் ஆடணும். படுத்தால் தூக்கம் வரக்கூடாது. கீழ்வயிறு எரியணும்...

தங்கவேல்: பிள்ளைகுட்டிக்காரனாக இருக்கலாம், பாவம்.

சரசு: ...அவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ எசமானோ...

தங்கவேல்: (மெதுவாக) ஆண். அடிமை.

(ஊற்று குமிழ் விடும் சத்தம் மட்டும் கேட்கிறது.)

சரசு: குகைக்குள் கேட்டது?

தங்கவேல்: செயின் இல்லை.

சரசு: ஒரு பொட்டலம் முழுசுமா?

தங்கவேல்: இரண்டு பேர் சைக்கிளை ஒருத்தனே மிதித்தால் பசிக்காதா?

சரசு: யார் சொன்னது ஒருத்தன் என்று?

தங்கவேல்: (போனை நீட்டி) பிட்டனுக்குள் நுழையும்போது ஒரு அம்மாள் நம்மைப் போட்டோ எடுத்து அனுப்பினாளே, பார். உன் இரண்டு காலும் எங்கே இருக்கிறது? சைக்கிள் சட்டத்தின் மேல். பெடல் சும்மா சுற்றுகிறது. நீ எனக்கு டாட்டா காட்டுகிற மாதிரி சிரிக்கிறாய்.

சரசு: ஏனுங்க, 31 வருஷம் ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து போனீர்களே. ரயிலை நீங்களா இழுத்தீர்கள்?

(தங்கவேல் பதில் தேடுகிறார். கிடைக்கவில்லை. வெளியே வந்து பூட்டைத் திறக்கிறார்.)

தங்கவேல்: நாளைக்கு இன்னொரு பாதை போகலாம். ஊருக்குத் தெற்கே கோம் டவுன் குகை, 2013-ல் சைக்கிளுக்குத் திறந்தது. 1672 மீட்டர். உள்ளே பாட்டெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

சரசு: 471 மீட்டருக்கே ஒரு பொட்டலம் காலி. அதற்குள் விட்டால் மகள் வீட்டு அரிசி மூட்டை மிஞ்சாது. வீட்டுக்குப் போங்கள்.

தங்கவேல்: திரும்ப 21 கிலோமீட்டர். பாதித் தூரம் ஏற்றம். கொஞ்சமாவது மிதிப்பாயா?

சரசு: கார்டு சிக்னல் கொடுத்தால்தானே வண்டி கிளம்பணும்? ஏறி உட்காருங்கள்.

(பின் சீட்டில் வசதியாக உட்கார்ந்து, இடுப்பிலிருந்த பச்சைத் துப்பட்டாவை உருவி, கையை நீட்டி ஆட்டுகிறார். தங்கவேலின் கால் தானாகவே மிதிக்க ஆரம்பிக்கிறது.)