ஆஹார்யம் பேசிய மேடையில் ஆசாரிக்கு நாற்காலி இல்லை

சனிக்கிழமை நடந்த நடனக் கருத்தரங்கைப் பற்றி எல்லோரும் எழுதி முடித்துவிட்டீர்கள். யார் நன்றாகப் பேசினார்கள், யார் நேரத்தைத் தாண்டினார்கள், எல்லாம் வந்தாயிற்று. ஒன்றை மட்டும் யாரும் எழுதவில்லை. தலைப்பு ஆஹார்யம். அதாவது நடனத்தின் உடை, நகை, ஒப்பனை. மேடையில் ஆறு பேர். அதில் நகை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. நாகர்கோவில் வடசேரியிலிருந்து வந்த நகை ஆசாரியைக் கேண்டீன் பக்கம் ஒரு மேசை போட்டு உட்காரவைத்தார்கள். அவரைக் கேட்காமலே "தள்ளுபடி உண்டு" என்று அட்டையும் எழுதி ஒட்டினார்கள்.

நகை செய்கிறவர் அந்த நடனத்தின் பங்காளி. வாசலில் கடை போட வந்த வியாபாரி அல்ல. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மேடையில் ஒருவர் சொன்னார்: "நாட்டிய நகை கனமாக இருக்கக் கூடாது என்று நாட்டிய சாஸ்திரமே சொல்கிறது." உண்மைதான். கனத்த நகை ஆடுகிறவரைக் களைப்பாக்கும், மயக்கம் வரவைக்கும், அரக்கு நிரப்பி லேசாகச் செய்யுங்கள் என்கிறது. அந்த அரக்கை நிரப்பத் தெரிந்தவர் முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தாரே, அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வெள்ளியைத் தகடாக அடித்து வடிவத்துக்கு வெட்டுவார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்துக் கூடு கட்டி, வெங்காரம் தொட்டுப் பற்றவைப்பார்கள். கூட்டுக்குள் அரக்கு. கல்லுக்கு அடியில் பளபளக்கும் தாள், அதன்மேல் கெம்பு என்கிற சிவப்புக் கல். பிறகு கல்லைச் சுற்றி, மெல்லிய தங்கத் தகடான ரேக்கை முனைக்கருவியால் அழுத்தி அழுத்தி இறுக்கி மெருகேற்றுவார்கள். இதில் அரக்கின் பதம்தான் எல்லாம். சூடு கூடினால் கல் அமிழ்ந்து ஒரு பக்கம் சாயும், வரிசை கோணும். குறைந்தால் பிடிக்காது, காதருகே வைத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வருகிற நகையை மேடைக்கு எடுத்துப் போகவே கூடாது. தில்லானா நடுவில் கல் உதிர்ந்தால் மிதிப்பது வெறுங்கால்.

"கடையில் கிடைக்கும் செட்டும் பத்தாவது வரிசையிலிருந்து அப்படியேதானே தெரிகிறது?" என்று கேட்பீர்கள். தெரியும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அது போதும், பெற்றோரின் பணத்தையும் யோசிக்க வேண்டும். ஆனால் அதில் கல் நிற்பது பசையில். வியர்வை பட்டால் பசை விடும். ஒட்டியாணம் ஒரே தகடாக வரும். முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் வயிற்றில் குத்தும். வடசேரிக்காரர் அதைத் துண்டு துண்டாக்கிக் கீல் வைக்கிறார். ஜிமிக்கியின் கனம் காதுமடலை இழுக்காதபடி, அதைத் தாங்கும் மாட்டலின் நீளத்தைப் பார்த்துப் பார்த்து அமைக்கிறார். தலையில் வைக்கிற சூரியப்பிரபை வலது பக்கம், சந்திரப்பிரபை இடது பக்கம், இரண்டும் வகிட்டிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். தலையை அசைக்கும்போது நெற்றிச்சுட்டி புருவ மத்தியை விட்டு ஓடக் கூடாது. ஆடுகிற உடம்பைத் தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது. அந்த அறிவுக்குக் கலை என்று பெயர் கொடுக்க இன்னும் என்ன வேண்டும்?

"காசு வாங்கிக்கொண்டுதானே செய்கிறார்?" மிருதங்கக்காரரும் காசு வாங்குகிறார். நட்டுவாங்கமும், ஒளியமைப்பும், புகைப்படமும் காசுக்குத்தான். அவர்கள் பெயரெல்லாம் அழைப்பிதழில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். நகைக்காரரின் பெயருக்கு மட்டும் ஏன் இடம் போதவில்லை?

"யாளியும் அன்னப்பட்சியும் மாங்காயும் தலைமுறையாக வருகிற அச்சுதானே, இதில் அவருடைய கற்பனை எங்கே?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆட்டத்தின் அடிப்படை அசைவான அடவும் தலைமுறையாக வருவதுதான். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையையும் நகையையும் புதிதாக அமைத்தார் என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அதே தூண்களை, அதே சிலைகளின் கழுத்தையும் இடுப்பையும் பார்த்துத்தான் ஆசாரியும் வரைகிறார். அவர் பார்த்தால் அச்சு, மற்றவர் பார்த்தால் கற்பனையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. நகை வேலை செய்கிறவரைக் கண்டால் சிலருக்குச் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் ஞாபகம் வந்துவிடும். சனிக்கிழமையும் ஒருவர் அந்த மேசை முன்னால் நின்று சொன்னார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதே காப்பியத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்தவற்றை இளங்கோ காலிலிருந்து தொடங்கி அடுக்குகிறார்: பாடகம், சதங்கை, தொடையில் அணியும் குறங்குசெறி, முப்பத்திரண்டு கோவை முத்து என்று போகிறது. அத்தனையையும் செய்தவனும் ஒரு பொற்கொல்லன்தானே? அவனை ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்துப் பாருங்கள். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், சனிக்கிழமையும் காட்டினார்கள். அதே கல்வெட்டு தொடர்ந்து போகிறது: நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், துணி தைத்த தையான், ரத்தினம் கோத்த ரத்தினத்தையான் என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு. ரத்தினம் கோத்தவருக்கும் ஆடினவருக்கும் ஒரே கல்லில் இடம். ராஜராஜன் காலத்தில் உளி எடுத்து வெட்ட முடிந்தது, இன்று கணினியில் ஒரு வரி தட்ட முடியவில்லை.

வடசேரிக்காரர் செய்கிற இந்த நகைக்கு, நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் புவிசார் குறியீடு இருக்கிறது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குறியீடு ஊருக்கு வந்தது, பட்டறைக்கு ஆள் வரவில்லை. வார்ப்பில் போட்டு ஒரே நாளில் நூறு பில்லை எடுக்கிற காலத்தில், கூடு கட்டி உட்கார ஒரு பையன் எதற்காக வருவான்? மரியாதையாவது இருந்தால் வருவான்.

நகை வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று, அந்த மேசையில் அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது: தண்ணீரில் கழுவாதீர்கள், அடித்தாள் கறுத்துக் கல் மங்கிவிடும். சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடித்து உலர்ந்த பிறகு நகையை மாட்டுங்கள். கழற்றியதும் உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டுப் போகாதீர்கள், அரக்கு இளகும்.

அமைப்பாளர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அடுத்த வருடம் அவரையே மேடைக்கு அழையுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் விடியும்போது எழும்பூர். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், அரை மணி நேரம் கொடுங்கள். ஒரே ஒரு கெம்பைக் கூட்டில் வைத்து, ரேக்கு அழுத்தி எல்லோர் கண்முன்னும் காட்டச் சொல்லுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரைப் பேச்சாளர் வரிசையில் போடுங்கள். தள்ளுபடி அட்டை வேண்டாம்.