அடுப்படியில் 23 சூரியகாந்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீர் கொதிக்கிற நேரத்தில், என் அடுப்படியில் மொத்தம் எத்தனை சூரியகாந்தி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் ஒன்று. டைல்ஸில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆறு. அடுப்புப் புகையை இழுக்கும் ஹூடுக்கு மேலே சுற்றிவிட்ட பிளாஸ்டிக் மாலையில் ஐந்து. ஃபிரிட்ஜ் காந்தம் நான்கு, தட்டு மூன்று. அப்புறம் ஏப்ரன், கால்மிதி, டிஷ்யூ டப்பா, பிஸ்கட் டின். ஆக 23. திரைத்துணியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எண்ண வைத்தது என் மாமியார். இங்கே சிங்கப்பூரிலேயே, உட்லண்ட்ஸில் கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார்கள். முந்தின நாள் வந்திருந்தார்கள். அடுப்படி வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, எண்ணெய்க் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் சும்மா குடுத்தானா?" என்று கேட்டார்கள். "இல்லத்தை, நான்தான் ஆசைப்பட்டு வாங்கினேன்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். அடுப்புப் பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய்ப் போத்தல் வேறு தன் பங்குக்கு ஒரு பூவைக் காட்டிக்கொண்டு நின்றது. அதையும் சேர்த்தால் 24.

கதை இரண்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. ஈசூனில் எங்களுடையது பழைய வீவக வீடு, அரசாங்க அடுக்குமாடிதான், நாலறை. கேபினட் எல்லாம் ஈரத்தில் உப்பிப்போய் மாற்றியே ஆகவேண்டிய நிலை. வடிவமைத்துத் தர ஒருவர் வந்தார். பேர் வேண்டாம். வெள்ளை, சாம்பல், நடுவில் கொஞ்சம் மரநிறம் என்று படம் காட்டினார். எனக்கு மஞ்சள் வேண்டும், கிராமத்து வீடு மாதிரி, கன்ட்ரி ஸ்டைல் என்கிறார்களே அது மாதிரி, சூரியகாந்தி வைத்து என்றேன். அவர் முகத்தில் ஒரு புன்னகை. "மஞ்சள் போட்டால் பின்னால் வீடு விற்கும்போது கஷ்டம்" என்றார். எங்களுக்கு விற்கிற எண்ணமே இல்லை. எவனோ ஒருவன் பத்து வருடம் கழித்து வாங்குவான் என்று நான் இன்றைக்கு ஆஸ்பத்திரி மாதிரி ஒரு அறையில் நின்று சாம்பார் வைக்கவேண்டுமா?

புது வீட்டுக்குச் சாவி வாங்கிய சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்வருகிறேன். எந்த வீட்டு அடுப்படி எது என்று ஞாபகத்திலேயே நிற்பதில்லை. எல்லாம் சுத்தம், எல்லாம் வெள்ளை, எங்கும் ஒரு மஞ்சள்தூள் கறைகூட இல்லை. சமைக்கிறார்களா என்று கேட்கத் தோன்றும், கேட்பதில்லை.

ஏன் சூரியகாந்தி என்று கேட்பவர்களுக்கு: நான் தென்காசிப் பக்கம். சுந்தரபாண்டியபுரம் வயல்கள் எங்களுக்குப் பக்கம்தான். குற்றாலச் சீசன் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் ஏக்கர் ஏக்கராக மஞ்சள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, தலைக்குமேல் மேகம். இப்போது கேரளத்திலிருந்து கார் கார் ஆகப் படம் எடுக்க வருகிறார்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தப் பூவை யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. சாமிக்கு வைக்கிற பூவும் இல்லை, தலையில் வைக்கிற பூவும் இல்லை. விதை என்ன விலை போகும், கிளி எவ்வளவு தின்றது, இதுதான் பேச்சு. சிங்கப்பூருக்கு வந்து இருபது வருடம் ஆன பிறகுதான் எனக்கே அது அழகாகத் தெரிகிறது. சாங்கி விமான நிலையம் இரண்டாம் முனையத்தில் சூரியகாந்தித் தோட்டம் ஒன்று இருக்கிறது, உள்ளே போனவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகிற வழியில் முதன்முதலாக அதைப் பார்த்து அசந்துபோய் நின்றேன். ஊரில் ஓசியில் கிடைத்ததை விமான டிக்கெட் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சரி, கன்ட்ரி ஸ்டைலுக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரர்களின் பண்ணைவீட்டு அடுப்படிப் பாணி. கதவில்லாத மரத் தட்டுகள், அதில் அடுக்கிய பீங்கான், கொக்கியில் தொங்கும் சட்டிகள், நடுவில் ஒரு கனமான மரமேசை, முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய வெள்ளைத் தொட்டி, ஜன்னலுக்குப் பாதியளவில் கட்டம் போட்ட திரை. அந்தக் கட்டத்துணிக்கு ஆங்கிலத்தில் கிங்கம் என்று பேர். அந்தச் சொல்லே மலாயில் கோடு போட்ட துணியைக் குறிக்கும் 'கெங்காங்' என்பதிலிருந்து, டச்சுக்காரர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. மதராஸ் செக்ஸ் என்று நம்ம ஊர்ப் பேரிலேயே உலகம் சுற்றும் கட்டத்துணி இன்னொன்று. நம் தாத்தாக்கள் கட்டிய கைலிதான் அங்கே ஜன்னலில் தொங்குகிறது. இதைப் படித்த பிறகு, 'இதெல்லாம் நமக்கு எதற்கு, வெள்ளைக்காரன் வீட்டு அலங்காரம்' என்று என் கணவர் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் எங்கே கோட்டைவிட்டேன் என்பது ஹூடைத் துடைத்தபோது தெரிந்தது.

அந்தப் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றினேன். கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருடத் தாளிப்பு அதில் ஏறியிருந்தது. இதழ் மஞ்சளாக இல்லை, பழைய கருப்பட்டி நிறத்தில் இருந்தது. இதழ்களின் இடுக்கில் பஞ்சு மாதிரி தூசி, எண்ணெயில் ஊறிப் பிசினாகியிருந்தது. ஒரு பூவுக்கு நடுவில் வெடித்த கடுகு மூன்று, ஒரு உளுத்தம்பருப்பு. பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை, சாயம்தான் போனது. டைல்ஸ் ஸ்டிக்கரும் அதே லட்சணம். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் ஓரம் சுருண்டு, சுருண்ட இடத்தில் கறுப்புக் கரை கட்டியிருந்தது.

வெள்ளைக்காரன் வீட்டிலும் கொழுப்பு இருக்கும், புகை இருக்கும். ஆனால் காய்ந்த எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் மிளகாய் வற்றலும் தினம் இரண்டு வேளை விழுகிற அடுப்படி வேறு. அதுவும் இந்த ஊர் ஈரக் காற்றில். கடையில் 'சூரியகாந்தி தீம்' என்று விற்கிற பொருளில் பாதி சும்மா பார்ப்பதற்கு மட்டும் செய்தது. ஒட்டுவதும் தொங்கவிடுவதும் நிற்கவைப்பதும். அவற்றால் ஒரு வேலையும் ஆகாது, கழுவவும் முடியாது. அடுப்படியில் வேலை செய்யாத பொருள் அழுக்குத்தான் சேர்க்கும்.

எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியை நினைத்துப் பார்க்கிறேன். சுவருக்குச் சுண்ணாம்பு. தொங்கினது ஒன்றே ஒன்று, உறி. அதில் மோர்ச்சட்டி. கண்ணுக்கு அழகாக இருந்ததெல்லாம் புளி போட்டுத் தேய்த்த செம்பும் பித்தளையும், அஞ்சறைப்பெட்டியும். அலங்காரம் என்று தனியாக ஒரு பொருள் அங்கே இல்லை. பண்ணைவீட்டுப் படங்களைத் திரும்ப உற்றுப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான்! தட்டுகள் தெரிவது எடுக்க வசதியாக. சட்டிகள் தொங்குவது கைக்கு எட்டும்படி. கடைக்காரர்கள்தான் அதில் பூமாலையைக் கொண்டுவந்து சுற்றிவிட்டார்கள்.

அதனால் இப்போது என் வீட்டில் ஒரே சட்டம். சூரியகாந்தி, துவைக்கிற பொருளில் அல்லது கழுவுகிற பொருளில் மட்டும் இருக்கலாம். மாலை, ஸ்டிக்கர், டின், டிஷ்யூ டப்பா, காந்தம் எல்லாம் போயாயிற்று. மகள் காந்தத்தில் இரண்டைக் காப்பாற்றி அவள் மேசை விளக்கில் ஒட்டிக்கொண்டாள். தட்டு மூன்றும் இருக்கிறது, தினம் அதில்தான் தோசை. கைதுடைக்கும் துணி நாலு வாங்கினேன், மாற்றி மாற்றிப் போட.

லிட்டில் இந்தியா தேக்காவில் பூப்போட்ட துணி தேடி அலைந்தபோது ஒன்று கண்டுபிடித்தேன். மட்டமான அச்சில் பூவின் நடுவட்டம் வெறும் பழுப்புப் பொட்டு, முட்டைப்பொரியலில் கருகின இடம் மாதிரி. நல்ல அச்சில் நடுவட்டத்துக்குள் சுருள் தெரியும். சூரியகாந்தி ஒரு பூவே இல்லை, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த கூட்டம். அந்தக் குட்டிப் பூக்கள் இரண்டு திசையில் சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். நிஜப் பூவில் எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 என்று வரும். துணியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாதுதான், ஆனாலும் சுருள் இருக்கிற அச்சை எடுங்கள். சுற்றி நிற்கும் மஞ்சளே அதனால் உயிர்பெற்றுவிடும்.

சுவருக்கு மஞ்சள் வேண்டாம் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் ஒரு சுவருக்கு நல்ல கொழுந்து மஞ்சள் அடித்தோம். பகலில் பரவாயில்லை. ராத்திரி வெள்ளை டியூப்லைட் போட்டால் பூசணம் பிடித்த எலுமிச்சை மாதிரி பச்சையடித்தது. இப்போது சுவர் பாலாடை நிறம். விளக்கையும் மாற்றினோம். பல்பு அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பான், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 என்றால் இளமஞ்சள். அந்த 3000 போட்ட அன்றைக்கு, பழைய திரையே புதுத் திரை மாதிரி இருந்தது. பெயிண்டுக்குச் செலவழித்த காசை முதலிலேயே பல்புக்குப் போட்டிருக்கலாம்.

திரை என்றதும் ஒன்று. எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மூன்று மணி வெயில் நேராக அடிக்கிறது, ஒரே வருடத்தில் முதல் திரை வெளுத்துவிட்டது. மஞ்சளின் சாபம் போலிருக்கிறது. 1888-இல் ஓவியர் வான் கோ, பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊரில், தன் மஞ்சள் வீட்டுக்கு வரப்போகிற ஓவிய நண்பர் கோகனின் அறையை அலங்கரிக்கத்தான் அந்தச் சூரியகாந்திப் படங்களை வரைந்தார். அவர் பூசிய குரோம் மஞ்சளிலும் ஒரு வகை வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிறது என்று கண்டிருக்கிறார்கள். அவருக்கே அந்தக் கதி என்றால், மீட்டர் ஐந்து சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கிய துணியை நான் குறைசொல்ல முடியாது. இப்போது ஜன்னலுக்கு மஞ்சள்-வெள்ளைக் கட்டம் மட்டும், பாதித் திரை, அடுப்பிலிருந்து தள்ளி. வெளுத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய வெள்ளைத் தொட்டி ஆசை எனக்கும் இருந்தது. கடையில் போய்த் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள், அசையவில்லை. களிமண்ணைச் சுட்டுச் செய்தது, அதைத் தாங்கவே கேபினட்டைத் தனியாகப் பலப்படுத்தவேண்டும். நம் வீட்டு இரும்புச் சட்டி கைதவறி விழுந்தால் ஒன்று தொட்டி சில்லுப்பெயரும், இல்லை உள்ளே இருக்கிற தம்ளர் போகும். எவர்சில்வர் தொட்டியே போட்டேன். வருத்தமில்லை.

நிஜப் பூவும் வாங்குவதுண்டு. ஈரச்சந்தையில் சனிக்கிழமை மூன்று தண்டு, பழைய எனாமல் கூஜாவில். தண்ணீரை மடமடவென்று குடிக்கும், இரண்டாம் நாளே கலங்கிவிடும். டெங்கிக்குப் பயந்து நாம் எப்படியும் ஒன்றுவிட்ட நாள் பூச்சாடித் தண்ணீரை மாற்றுகிறவர்கள்தானே, அதனால் கூடுதல் வேலை இல்லை. ஐந்தாறு நாள் நிற்கும். 23 பொய்ப்பூ செய்யாததை அந்த மூன்று செய்தது. உள்ளே வந்த மாமியார் நேராக அதனிடம் போய், காம்பைத் தொட்டுப் பார்த்து, "ஊர்ல இதவிடப் பெருசா இருக்கும்" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

அந்தத் தைரியத்தில் வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டியில் குட்டைரக விதை போட்டேன். வழியில் 1.2 மீட்டர் இடம் விடவேண்டும் என்பதால் சுவரை ஒட்டி ஒரே ஒரு தொட்டி. செடி இளசாக இருக்கும்போது காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே என்று சூரியனோடு தலையைத் திருப்பும், பூ விரிந்து முற்றினதும் கிழக்கே பார்த்து நின்றுவிடும் என்று படித்திருந்தேன். எங்கள் தாழ்வாரம் கிழக்கு. முழங்கால் உயரம் வளர்ந்து, இரண்டு மாதம் கழித்துப் பூத்தது. பூத்ததும் அழகாக வெளியே திரும்பி எதிர் புளோக்கைப் பார்த்து நின்றுகொண்டது. என் அடுப்படி ஜன்னலா, அது வீட்டுக்கு அந்தப் பக்கம். வாசலைத் திறந்தால் எனக்குத் தெரிவது அதன் பச்சை முதுகு மட்டும்தான்.

பக்கத்து வீட்டு மலாய் மாச்சிக் (அத்தை என்கிற மாதிரி) மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, பூவின் முகத்தைத் தன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கேள்வி: விதை முற்றியதும் வறுத்துக் குவாச்சி (கடையில் விற்கிற வறுத்த விதை) மாதிரி கொறிக்கலாமா, அப்படியென்றால் தனக்குப் பாதி வேண்டுமாம்.